பத்து முறை கீழே போட்டுப் பார்த்த டார்ச்

ஜூன் 11, ஞாயிறு

மழை பிடித்துவிட்டது. காலையிலேயே உட்கார்ந்து ஒன்பதாவது டார்ச்சை முடித்தேன். இது தண்ணி லைன்காரர் செபஸ்திக்கு. தினமும் விடிவதற்கு முன்பு ஐந்து மணிக்கு மேட்டுத் தொட்டிக்கு ஏறி வால்வைத் திறந்துவிடுகிறவர் அவர். அவர் ஏறவில்லையென்றால் எஸ்டேட்டில் எந்த வீட்டிலும் காலையில் குழாயில் தண்ணீர் வராது.

வால்பாறை பஜாரில் நூற்றெண்பது ரூபாய்க்கு விற்கிற அலுமினிய டார்ச்தான். பிரித்தால் பாவமாக இருக்கும். தலைமுடி போல ஒயர். எல்.இ.டி. பொருத்திய தகடு உடம்பைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும், சூடு வெளியேற வழியில்லை. நான் ஒயரை மாற்றுகிறேன். தகட்டுக்கு அடியில் வெப்பம் கடத்தும் பசை தடவுகிறேன். சுவிட்சின் ஸ்பிரிங்கோடு ஒரு செம்புக் கம்பியைச் சேர்த்துப் பற்றவைக்கிறேன். அவ்வளவுதான். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு இருபத்து மூன்று வருடமாக எஸ்டேட் ஆபீசில் சம்பளப் பட்டியல் எழுதுகிறவளுக்கு இந்த அளவு இயற்பியல் மிஞ்சியிருக்கிறது.

இந்த முறை புதிதாக ஒன்று சேர்த்தேன். போன மழையில் மூன்று டார்ச்சுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அதனால் கண்ணாடியைச் சுற்றி சிலிகான் பசை வைத்து மூடினேன். பாத்ரூம் ஓரங்களில் வைக்கிற பசை. பஜாரில் கிடைத்தது அதுதான். பசைக் குழாயைத் திறந்ததும் வினிகர் வாடை. ஒன்பதுக்கும் அதே பசை.

சோதனை: இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுப் படியில் பத்து முறை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வாளியில் (ஒன்பதாவதற்கு அது நாளைக்கு). வெள்ளை பி.வி.சி. குழாயின் ஒரு முனையில் டார்ச்சையும் மறுமுனையில் போனையும் வைத்து, ஒளி அளக்கும் ஆப்பில் ரீடிங். ஒன்பதும் 305-க்கு மேல். செபஸ்தியுடையது 312.

ஜூன் 13, செவ்வாய்

ஆபீஸ் வாசலில் செபஸ்திக்குக் கொடுத்தேன். மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். "உடையாதுன்னு சொல்றாங்களே, நிஜமாவா?" என்றார். அவர் முன்னாலேயே படியில் பத்து தடவை போட்டுக் காட்டினேன். பத்தாவது தடவை டார்ச் உருண்டு ஜீப்புக்கு அடியில் போய் எரிந்துகொண்டிருந்தது.

செபஸ்தி அதை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அக்கா, என்னையும் பத்து தடவ போட்டுப் பாத்திருக்காங்க. நானும் எரிஞ்சுட்டுதான் இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் குடித்துவிட்டு வால்வை மூடாமல் தூங்கிப்போய், குழந்தைகள் காப்பகத்துக்குள் தண்ணீர் புகுந்தது. எச்சரிக்கைக் கடிதத்தை டைப் செய்தது நான்தான். அதற்குப் பிறகு தொடவில்லை என்கிறார்.

ஜூலை 2, ஞாயிறு

திருப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். காலை ஒன்பது மணிக்கே. ஞாயிற்றுக்கிழமை காலையில் நன்றாகப் பேசுவார். மழையைப் பற்றிப் பேசினோம்.

ஜூலை 29, சனி

ஏழு மணிவரை குழாயில் தண்ணீர் இல்லை. பிறகுதான் செய்தி வந்தது. செபஸ்தி தொட்டிப் படியில் விழுந்துவிட்டார். பக்கத்துச் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரைத் தூக்கி வந்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது.

பன்னிரண்டு வருடம் ஏறி இறங்கிய படி. பெரிய கிளார்க் நஞ்சுண்டன் செய்தியைக் கேட்டதும் சொன்னார்: "மறுபடி ஆரம்பிச்சுட்டான்."

நானும் அதைத்தான் நினைத்தேன். குடிக்கிறவர்கள் விட்டுவிட்டேன் என்றுதான் எப்போதும் சொல்வார்கள்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

செபஸ்தியின் வேலை நீக்கத்துக்கு முந்தைய விசாரணை 23-ம் தேதி. அதுவரை சஸ்பெண்ட். கடிதம் நான் டைப் செய்தேன். விழுந்ததற்கு அவர் சொல்லும் காரணம், வெளிச்சம் மங்கிவிட்டது, படியின் விளிம்பு தெரியவில்லை என்பது.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க டார்ச்தானே? அத என் கண்ணு முன்னாடி பத்து தடவ போட்டீங்க. ஆஸ்பத்திரியில அதே டார்ச்ச போட்டுப் பாத்தாங்களாம், நல்லாதான் எரியுதாம்."

நஞ்சுண்டன் சொன்னார்: "பியூலாம்மா டார்ச் மங்குமா சார்? பொய் சொல்றதுக்கும் ஒரு பொருத்தம் வேணாம்?"

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எழுதிவைக்கிறேன், மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

சாயங்காலம் செபஸ்தியின் மனைவி ரோஸ்லின் வந்தாள். தேயிலைக் கொழுந்துப் பை இன்னும் முதுகில் இருந்தது. உள்ளே வா என்றேன், வரவில்லை. டார்ச்சை நீட்டினாள்.

"வேற யாருக்காச்சும் குடுத்திருங்கக்கா. நல்ல லைட்டு. இவருக்குத்தான் யோகமில்ல."

"கை எப்படி இருக்கு?"

"கைக்கென்ன, சேந்துரும். பைபிள் மேல கைய வச்சு சத்தியம் பண்றாரு, குடிக்கலன்னு. போன தடவையும் இதே கைதான், இதே பைபிள்தான்." சிரிக்கப் பார்த்தாள். "எங்க அண்ணன் உடுமலைக்கு வந்துருன்னு கூப்பிடுறாரு. புள்ளையோட படிப்புக்காகத்தான் பாக்கறேன்."

அவள் போனபிறகு பழக்கத்தில் டார்ச்சை அளக்கும் குழாயில் வைத்தேன். 41.

பேட்டரியை மாற்றினேன். 41. ஆப்பை மூடித் திறந்தேன். 41.

கண்ணாடியைக் கத்தியால் நெம்பிக் கழற்றினேன். ஐம்பத்து நான்கு நாளுக்குப் பிறகும் அந்த வினிகர் வாடை முகத்தில் அடித்தது. எல்.இ.டி.யைச் சுற்றியிருந்த வெள்ளி நிறம் கறுத்திருந்தது. செம்புக் கம்பியில் பச்சை பூத்திருந்தது.

பசைக் குழாயைத் தேடி எடுத்துப் படித்தேன். உலரும்போது அமில ஆவி வரும், உலோகங்களின் அருகே பயன்படுத்த வேண்டாம், ஒரு நாள் காற்றாட விடவும் என்று பொடி எழுத்தில் இருந்தது. நானோ வைத்த கையோடு மூடிவிட்டேன். மழை வந்துவிட்டது, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவிக்கு வெளியே போக வழியில்லை. உள்ளேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது.

தினம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கினால் கண் பழகிக்கொள்ளும், தெரியாது. பகலில் ஆஸ்பத்திரி வெளிச்சத்தில் போட்டுப் பார்த்தால் 41-ம் எரிவதுபோலத்தான் தெரியும்.

அவர் குடிக்கவில்லை.

நாளை ஆபீசில் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 5, சனி

மேனேஜர் கோயம்புத்தூர் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஒரே ஒரு டார்ச்சை வைத்து முடிவுக்கு வருவது சரியான முறை அல்ல. அந்த ஒன்று மட்டும் பழுதான எல்.இ.டி.யாக இருந்திருக்கலாம். இரண்டு புது டார்ச் வாங்கி வந்தேன். முதலாவதற்கு அதே பசை, அதே அவசரம். இரண்டாவதற்குப் பசையே இல்லை, கெட்டியான ரப்பர் வளையம் மட்டும். தினம் ஒரு மணி நேரம் எரியவிட்டு அளக்கப்போகிறேன். நாற்பது நாள் பார்த்தால் யாரும் மறுக்க முடியாதபடி சொல்லலாம்.

ரீடிங்: முதலாவது 310. இரண்டாவது 309.

வீட்டுக்காரர் காலையில் போன் செய்யவில்லை. மதியத்துக்கு மேல் அடித்தது. சமையலறையில் வேலையாக இருந்தேன்.

ஆகஸ்ட் 9, புதன்

மற்ற எட்டு டார்ச்சையும் திரும்ப வாங்கத் தொடங்கினேன். புது ரப்பர் போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். அது பொய்யில்லை. புது ரப்பர் போடத்தான் போகிறேன்.

குழந்தைகள் காப்பகத்து ஆயா தவமணி, டார்ச்சைத் தர மனமில்லாமல் மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கறத ஏங்க்கா பிரிக்கறீங்க? எம் புருசனக்கூட இவ்வளவு நாள் நம்புனதில்ல."

"ரெண்டே நாள், தந்துருவேன்."

"செபஸ்தியண்ணன் சொன்னதக் கேட்டு பயந்துட்டீங்களா? அந்தாளு கெடக்கறாரு விடுங்க. லைட்டு மங்கிருச்சாம்! கண்ணு மங்கியிருக்கும்."

அவளுடையது 96.

ஆகஸ்ட் 11, வெள்ளி

எட்டும் வந்துவிட்டது. ரீடிங்: 96, 188, 60, 201, 143, 72, 155, 230. ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் எரித்தார்கள் என்பதைப் பொறுத்து வித்தியாசம்.

ஆக, ஒரு டார்ச் மட்டும் பழுது என்ற வாதம் போய்விட்டது. ஆனாலும் ஒப்பிடும் சோதனை ஐந்து நாள்தான் ஆகியிருக்கிறது.

ஆகஸ்ட் 12, சனி

முதலாவது 287. இரண்டாவது 309. எட்டு டார்ச்சின் பசையையும் சுரண்டினேன். நகக்கண்ணெல்லாம் வலி. வீடு முழுக்க ஊறுகாய் கெட்டுப்போன வாடை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

ஆபீஸ் முன்னால் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். செபஸ்தி வேலிக்கு அந்தப் பக்கம் கட்டுப்போட்ட கையோடு நின்றிருந்தார். சஸ்பெண்டில் இருப்பவர் உள்ளே வரலாமா என்று அவருக்கே சந்தேகம் போலிருக்கிறது. நான் மிட்டாய் எடுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, அந்த லைட்ட ஒரு தடவ பிரிச்சுப் பாருங்களேன். ரோஸ்லின் உங்ககிட்ட குடுத்துட்டாளாமே."

"பாக்கறேன்."

"எனக்கே சந்தேகமா இருக்குக்கா. எல்லாரும் சேந்து சொல்லும்போது, ஒருவேளை நாமதான் எதையாச்சும் குடிச்சுட்டு மறந்துட்டமோன்னு." சிரித்தார். "தண்ணியத் தொறந்துவிடறவன் நான். என்னையக் கண்டாலே தண்ணியடிச்சவன்ங்கறாங்க."

பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். பார்த்துப் பதினோரு நாள் ஆகிறது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ரோஸ்லின் பெண்ணைக் கூட்டிக்கொண்டு உடுமலைக்குப் போய்விட்டாள். காலை ஏழரை பஸ். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பெண் ஸ்கூல் பையை மடியில் வைத்திருந்தது. பையின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தார்கள். பஸ் திரும்பும் வரை செபஸ்தி ரோட்டில் நின்றார்.

மூன்றுமுறை கூட்டியும் சம்பளப் பட்டியல் சரிவரவில்லை.

முதலாவது 221. இரண்டாவது 309.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வீட்டுக்காரர் மதியம் மூன்று மணிக்குப் போன் செய்தார். எடுத்தேன். போன வாரம் மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாராம், முழங்கால் வீக்கமாம்.

"ஏன் விழுந்தீங்க?" என்று கேட்டேன்.

"நீ இதெல்லாம் கேக்கறதில்லையே" என்றார்.

உண்மைதான். எத்தனையோ வருடமாகக் கேட்பதில்லை. குடிதான், எனக்குத் தெரியும் என்று இருந்துவிடுவேன். செபஸ்தி விழுந்த அன்றும் எனக்குத் தெரியும் என்றுதான் இருந்தேன்.

"படியில சோப்புத் தண்ணி" என்றார். நம்பினேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

பிறகு இந்த நோட்டை நாலாம் தேதியிலிருந்து படித்துப் பார்த்தேன். ஐந்தாம் தேதி மேனேஜர் கிளம்பும்போது ஜீப் கதவருகே ஐந்து நிமிடம் என்னோடு சாக்குப் பைக் கணக்கைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் போனார். அதை எழுதாமல் விட்டிருக்கிறேன். இந்தச் சோதனை யாருக்காக என்று எழுத நினைத்தேன். வேண்டாம்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

நாளைக்கான தாள்களை எடுத்துவைத்தேன். விசாரணைப் பதிவு எழுதுவது என் வேலை.

ஆகஸ்ட் 23, புதன்

பதினொரு மணிக்கு மேனேஜர் அறையில். மேனேஜர், நஞ்சுண்டன், யூனியனிலிருந்து ஒருவர், செபஸ்தி, நான். என் கைப்பையில் மூன்று டார்ச்.

மேனேஜர் கத்திப் பேசுகிறவர் அல்ல. "செபஸ்தி, டார்ச் மங்கிருச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அதையே சொல்றீங்களா?"

"ஆமா சார்."

"எப்பலேருந்து மங்குச்சு?"

"தெரியல சார். அன்னிக்கு மூடுபனி வேற. படி இருக்குன்னு கால வச்சேன், இல்ல."

"மங்குறது தெரியாமயே மங்குமா?" இது நஞ்சுண்டன்.

செபஸ்தி தரையைப் பார்த்தார். "வேற என்ன சொல்றதுன்னு தெரியல சார். குடிக்கல. அது மட்டும்தான் தெரியும்."

நஞ்சுண்டன் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கம்மா. ஊழியரால் தகுந்த விளக்கம் தர இயலவில்லை."

'ஊழியரால்' என்று எழுதினேன். பேனாவை மூடினேன்.

"சார், இதுல நான் சொல்ல வேண்டியது இருக்கு."

"நீங்க பதிவு எழுதறவங்கம்மா" என்றார் நஞ்சுண்டன். "நடுவுல பேசப்படாது."

"அப்ப இத நீங்க எழுதுங்க சார்." தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

ஆபீசின் பின்னால் ஜன்னல் இல்லாத ஸ்டேஷனரி ரூம் இருக்கிறது. ஐந்து பேரும் அதற்குள் நெருக்கியடித்து நின்றோம். கதவை மூடி, மூன்று டார்ச்சின் வெளிச்சத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் அடித்தேன். பசை வைக்காத டார்ச் சுவர் முழுவதையும் வெள்ளையாக்கியது. பசை வைத்த புதுசு, பதினேழு நாள் வயது, அதைவிடக் குறைவு. செபஸ்தியின் டார்ச் சுவரில் ஒரு மஞ்சள் கறையைப் போட்டது. பக்கத்தில் இருந்த அலமாரியின் பூட்டுகூடத் தெரியவில்லை.

"இந்த வெளிச்சத்துலயா ஏறுனீங்க?" யூனியன்காரர் கேட்டார்.

"நல்லா இருக்குன்னுதான் நெனச்சேன்" என்றார் செபஸ்தி. அவர் கண் அந்த வெள்ளைச் சுவரிலேயே இருந்தது.

பசையைப் பற்றிச் சொன்னேன். அமில ஆவி, கறுத்த வெள்ளி, மற்ற எட்டு டார்ச்சின் ரீடிங். இயற்பியல் வகுப்பில் கூட இவ்வளவு ஒழுங்காகப் பேசியதில்லை. பிழை முழுக்க என்னுடையது என்றேன். அதைச் சொல்வது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. திரும்ப மேனேஜர் அறைக்கு வந்து உட்கார்ந்தோம். மேனேஜர் முகத்தில் கோபம்கூட இல்லை. கொஞ்சம் மெச்சுகிற பார்வை போலத்தான் இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

இன்றைக்குத்தான் உறுதியானது என்று சொல்லியிருக்கலாம். சோதனைக் கணக்குப்படி அதுகூடப் பொய்யாகாது. எல்லோரும் நம்பியிருப்பார்கள். என் பேச்சை நம்புவது இங்கே எல்லோருக்கும் பழக்கம்.

"நாலாம் தேதி சார்."

"போன மாசமா?"

"இந்த மாசம். நாலாம் தேதி சாயங்காலம், ஆறரை மணி இருக்கும்."

நஞ்சுண்டன் விரல் விட்டு எண்ணினார். "பத்தொம்பது நாள்."

செபஸ்தி என்னைப் பார்த்தார். கொடியேற்றத்தன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். உடைந்த கையை மெல்ல மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

மேனேஜர் நஞ்சுண்டனின் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். "இவர் எழுத்து எனக்குப் படிக்க வராது. நீங்களே எழுதுங்க. தேதியோட."

எழுதினேன். விளக்கில் உள்ள பழுது பதிவு எழுத்தருக்கு ஆகஸ்ட் நான்காம் தேதியே தெரிந்திருந்தது. அவர் அதை இன்றுவரை யாரிடமும் தெரிவிக்கவில்லை. என்னைப் பற்றி யாரோ எழுதியதுபோல இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன்.

செபஸ்தி மீதான நடவடிக்கை ரத்து. கை சேர்ந்ததும் வேலைக்குத் திரும்பலாம். விடுபட்ட நாட்களுக்குச் சம்பளம் உண்டு. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும் என்றார் மேனேஜர். அதை யார் டைப் செய்வது என்று நஞ்சுண்டன் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

கடிதத்தை நானே டைப் செய்து நானே வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, சனி

எட்டுப் பேர் வீட்டுக்கும் போய் உண்மையைச் சொன்னேன். தவமணி மட்டும் கேட்டாள்: "இதுக்கெதுக்குக்கா ரப்பர் கதை? மங்கிருச்சுன்னு சொன்னா நாங்க என்ன அடிக்கவா போறோம்?" அவள் டார்ச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மற்றவர்களில் நாலு பேர் வாங்கிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ரோஸ்லின் திரும்பி வந்துவிட்டாள் என்று சொன்னார்கள். குழாயடியில் பார்த்தேன். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 1, வெள்ளி

சாயங்காலம் ரோஸ்லின் வந்தாள். இந்த முறை உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

"பத்தொம்பது நாளுக்கா."

"ஆமா."

"அதுல பதினாலு நாள் நான் அவருக்குச் சோறு போட்டு எதுக்க உக்காந்து மொறச்சுக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் சத்தியம் பண்ணாரு. கடைசி ரெண்டு நாள் பண்ணல. சரி, ஒத்துக்கிட்டாருன்னு நெனச்சு பஸ் ஏறிட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "லைட்டு கெட்டதுக்கு உங்கமேல கோவமில்ல. நீங்க அன்னிக்கே ஒரு வார்த்த வந்து சொல்லியிருந்தா, நான் அவர நம்பாம விட்டுட்டுப் போவேன்ங்கறது எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது. இப்ப அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

மன்னித்துக்கொள் என்றேன். அந்தச் சொல் அவளை எட்டியதாகத் தெரியவில்லை. அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பி.வி.சி. குழாய், இரண்டு டார்ச், பக்கத்தில் ரீடிங் எழுதிய தாள்.

"இது என்ன?"

"பசையில்லாம செஞ்சது. தினம் அளக்கறேன்."

"எத்தன நாளாச்சு?"

"இருபத்தாறு."

"மங்குச்சா?"

"முந்நூத்தி ஒம்பதுல ஆரம்பிச்சுது. இன்னிக்கு முந்நூத்தி எட்டு. ஆனா ரொம்ப மழையில தண்ணி உள்ள வரும் ரோஸ்லின். கண்ணாடியில ஆவி கட்டும். தொடச்சுக்கணும்."

"ஆவி கட்டுனா கண்ணுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

அவள் டார்ச்சைக் கையில் எடுத்தாள். கொடுத்துவிடலாம் என்று நான் புது பேட்டரி எடுக்கப் போனேன். அதற்குள் திரும்ப மேசையிலேயே வைத்துவிட்டாள்.

"நாப்பது நாள் ஆகட்டும். நானே வந்து பாத்து வாங்கிக்கறேன். திங்கக்கெழமலேருந்து அவரு மேல ஏறணும். கட்டுப் பிரிச்சாச்சு, ஆனாலும் ஒத்தக் கைதான் சரியா இருக்கு. அதுவரைக்கும் கடையில வாங்குன லைட்ட வச்சுக்கிட்டு நானும் கூட ஏறப்போறேன்."

"காலையில உனக்குக் கொழுந்து இருக்கே."

"அஞ்சு மணிக்கு ஏது கொழுந்து?" என்றாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "தினம் அளந்து எழுதிவைங்க. குறைஞ்சாலும் எழுதுங்க."

செப்டம்பர் 2, சனி

இரண்டாவது டார்ச், இருபத்தேழாம் நாள்: 306. நேற்றைவிட இரண்டு குறைவு. ஆப்பின் தடுமாற்றமாக இருக்கலாம். மறுபடி அளக்கவில்லை. தாளில் 306 என்று எழுதி, ரோஸ்லின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.